உட்பகை

சென்ற திங்கள் ஒரு மாலையில் நண்பர்கள் அறுவர் தேநீர் குடிக்கச் சென்றோம். கடையின் வாயிலிலேயே ஒருவர் எங்களைத் தடுத்தார். "இங்கே வேண்டாம். குவளை கழுவுகிறாரே, அந்தப் பெரியவருக்கு எயிட்ஸ் நோயாம். வேறு கடைக்குப் போவோம்" என்றார். மற்றவர்கள் மறுசொல் இன்றித் திரும்பினர். நானும் திரும்பினேன். அப்பெரியவருக்கு நோய் உண்டோ இல்லையோ, நான் அறியேன். உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், அவர் கழுவிய குவளையினால் அந்நோய் எவருக்கும் வாராது என்பதை நான் அறிவேன். நான் உயிரியல் பயிலும் மாணவன். அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. அந்த நாணம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

வாய் திறவாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. திருச்சானூரில் நான் தங்கிப் பயில்வது என் அத்தையின் வீட்டில். அத்தையின் உடலில் அந்நோயின் கிருமி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று நண்பர்கள் கேட்டால் என்ன விடை சொல்வது என்று அஞ்சினேன். அன்றிரவு நடந்ததை அத்தையிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அலமாரியின் மேலிருந்த தகரப் பெட்டி ஒன்றை இறக்கி என் முன் வைத்தார். மாமாவின் மருத்துவச் சீட்டுகளும் அத்தையின் சீட்டுகளும் அதில் இருந்தன. "என் பெயரையும் தெருவையும் எழுதாதே, தம்பி. மற்றதையெல்லாம் எழுது. உன் மாமாவுக்கு அப்போது இவற்றை எடுத்துச் சொல்வார் எவரும் இல்லை" என்றார்.

அப்பெட்டியைத் துணையாகக் கொண்டே இக்கட்டுரையை எழுதுகிறேன். எச்.ஐ.வி. என்னும் கிருமி உடலில் புகுந்தால் என்ன செய்கிறது, எயிட்ஸ் என்னும் நிலை எவ்வாறு வந்து சேர்கிறது, அதனை எங்கே தடுத்து நிறுத்தலாம் என்பவற்றை மன்ற நண்பர்கள் தெளிவாக அறிய வேண்டும் என்பதே என் விருப்பம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எயிட்ஸ் என்பது அக்கிருமியால் உடலின் காவல் சிதைந்து, பிற நோய்கள் புகுந்துவிட்ட முற்றிய நிலையின் பெயர். கிருமி உள்ளவர் அனைவரும் எயிட்ஸ் நோயாளர் அல்லர். இவ்வேறுபாட்டை அறியாமையே பாதித் துன்பத்திற்குக் காரணம்.

காவலர் படை

கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் இறுதி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று திருச்சானூருக்கு வந்தவர்கள் அங்குள்ள கூட்டத்தை அறிவார்கள். பத்ம சரோவரத்தில் நீராட எண்ணற்றோர் திரள்வர். அவர்களை ஒழுங்குபடுத்தக் காவலர்கள் தெருத்தெருவாக நிற்பர். எந்த வாயிலைத் திறப்பது, எந்த வரிசையை நிறுத்துவது என்று ஆணை பிறப்பிக்க ஒரு சிலர் இருப்பர். அவர்களுடைய குரல் நின்றுவிட்டால் என்ன ஆகும்? காவலர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். கைகளில் வலிமையும் இருக்கும். ஆயினும் என்ன செய்வது என்று அறியாமல் திகைப்பார்கள்.

நம் உடலின் காவலும் இத்தகையதே. குருதியில் உள்ள வெள்ளணுக்கள் பல வகைப்படும். கிருமியை விழுங்குவன சில. கிருமி புகுந்த அணுவைக் கொல்வன சில. கிருமியைப் பிணிக்கும் எதிர்ப்பொருளை ஆக்குவன சில. இவற்றிற்கெல்லாம் சைகை காட்டி ஏவும் அணுக்கள் சில உண்டு. அவற்றின் மேற்பரப்பில் சி.டி.4 என்னும் புரதம் இருப்பதால் அவற்றைச் சி.டி.4 அணுக்கள் என்பர். உடல்நலம் உள்ள ஒருவரின் குருதியில், ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவ்வணுக்கள் இருக்கும். இந்த எண்ணை நண்பர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பெட்டியில் இருந்த சீட்டுகளின் பொருளை விளக்கும் எண் இதுவே.

பகை புகும் வழி

மற்றக் கிருமிகள் காவலரிடம் அகப்படாமல் ஒளிய முயலும். எச்.ஐ.வி.யோ காவலரின் தலைவனையே நாடிச் செல்லும். வள்ளுவர் 'உட்பகை' என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். வெளியே நிற்கும் பகைவனைக் காட்டிலும் உள்ளே உறவாடி இருப்பவனுக்கே மிகுதியும் அஞ்ச வேண்டும் என்பது அதன் கருத்து. இக்கிருமிக்கு அதனினும் பொருந்தும் பெயர் கிடைப்பது அரிது.

இக்கிருமி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறாக்கினால் அவற்றில் ஒரு கூறு அளவே இருக்கும். அதன் மேலுறையில் உள்ள புரதம், சி.டி.4 புரதத்தைப் பூட்டில் திறவுகோல் போலப் பற்றிக்கொள்கிறது. பின்னர் வேறொரு துணைப் புரதத்தையும் பற்றி, அணுவின் உறையோடு தன் உறையை இணைத்து உள்ளே நுழைகிறது. அதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ. வடிவில் உள்ளது. நம் அணுவின் மரபுச் செய்தியோ டி.என்.ஏ. வடிவில் உள்ளது. கிருமி தன்னுடன் கொண்டு வரும் நொதி ஒன்று, ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதுகிறது. இயற்கையில் பெரும்பாலும் நிகழும் முறைக்கு இது நேர்மாறானது. மற்றொரு நொதி அந்த டி.என்.ஏ.யை நம் அணுவின் உட்கருவில் உள்ள மரபிழையோடு சேர்த்துத் தைத்துவிடுகிறது. அன்று முதல் அவ்வணு, தன்னுடையது எது, பகைவனுடையது எது என்று பிரித்தறிய இயலாமல், கிருமியின் படிகளை ஆக்கிக்கொண்டே இருக்கும். மருந்து இல்லாத உடலில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான கோடிக் கிருமிகள் இவ்வாறு பிறக்கின்றன.

எழுதும் நொதி பிழை மலிந்தது. அதனால் ஒவ்வொரு தலைமுறைக் கிருமியும் சிறிது வேறுபடுகிறது. உடல் ஒரு வடிவத்தை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் ஆக்குவதற்குள் வேறு வடிவம் தோன்றிவிடும். இதற்குத் தடுப்பூசி கண்டுபிடிப்பது இத்துணை அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குருதி, விந்து, பெண்ணுறுப்பு நீர், தாய்ப்பால் ஆகியவற்றின் வழியாகவே இக்கிருமி பரவுகிறது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர்க்குப் போட்ட ஊசியை மற்றவர்க்குப் போடுதல், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதல், கருவுற்ற தாயிடமிருந்து சேய்க்குச் செல்லுதல் ஆகியவையே வழிகள். எச்சிலாலும் வியர்வையாலும் பரவாது. கொசுக்கடியால் பரவாது. ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே அறையில் உறங்குவதாலும், ஒரே குளத்தில் நீராடுவதாலும் பரவாது. குவளையால் பரவவே பரவாது.

ஓசையற்ற ஆண்டுகள்

கிருமி புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, உடலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் முதலியன தோன்றும். சளிக்காய்ச்சல் என்று எண்ணி அதை மறந்துவிடுவர். ஆனால் உள்ளே பெருஞ்சேதம் அப்போதே நிகழ்ந்துவிடுகிறது. குடலின் உட்சுவரில் சி.டி.4 அணுக்கள் மிகுதியாக உண்டு. அந்தச் சில வாரங்களிலேயே அவற்றுள் பெரும்பகுதி அழிந்துபோகும். அதன் பயனாகக் குடலிலுள்ள நுண்ணுயிர்களின் கூறுகள் குருதியில் சிறிது சிறிதாகக் கசிகின்றன. உடல் ஓயாமல் அழற்சியுற்று இருப்பதற்கு அது காரணமாகிறது.

பின்னர் அமைதி தோன்றும். மருந்து இல்லாதவருக்கு இவ்வமைதி பெரும்பாலும் எட்டு, பத்து ஆண்டுகள் நீடிக்கும். உண்பார், உழைப்பார், திருமணம் செய்துகொள்வார். கண்ணாடியில் பார்த்தால் ஒரு குறையும் தோன்றாது. ஆனால் ஆண்டுதோறும் சி.டி.4 எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். 200க்குக் கீழே இறங்கினாலோ, கொடிய நோய்கள் சில தோன்றினாலோ அந்நிலையை எயிட்ஸ் என்பர். ஒருவரைப் பார்த்து, "இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை" என்று சொல்ல எவராலும் இயலாது. சொல்ல வல்லது குருதிச் சோதனை ஒன்றே.

பெட்டியில் இருந்த சீட்டுகள்

மாமாவை நான் பார்த்ததில்லை. நான் பிறக்குமுன்னரே மறைந்துவிட்டார். அவருடைய சீட்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினேன்.

முதற் சீட்டு 1997ஆம் ஆண்டினது. விலாப்புறத்தில் அக்கி. சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி, நரம்பின் வேரில் உறங்கிக் கிடக்கும். காவல் தளர்ந்தால் அது விழித்து அக்கியாக வெளிப்படும். முதியவர்க்கு இது வருவது வியப்பன்று. மாமாவுக்கு அப்போது வயது 31.

இரண்டாம் சீட்டு 1999. வாயிலும் தொண்டையிலும் வெண்படலம். காண்டிடா என்னும் காளான் நம்மில் பலர் வாயிலும் சிறிதளவு இருப்பதுதான். அது பெருகாமல் தடுப்பது காவலர் படை. படை தளர்ந்ததும் அது உணவுக்குழல் வரை பரவியது, விழுங்கும்போது வலித்தது.

மூன்றாம் சீட்டு 2000. ஓயாத கழிச்சல். 64 கிலோ எடை 47 ஆகியது. குடலின் காவல் அழிந்தமையால் எளிய கிருமிகளும் அங்கே குடிபுகுந்தன. உண்டது உடலில் ஒட்டவில்லை. உடலோ தன் தசையையே உருக்கி எரித்துக்கொண்டிருந்தது.

நான்காம் சீட்டு 2001. கழுத்துக் கணுக்களிலும் நுரையீரலிலும் காசநோய். சளியில் கிருமி தென்படவில்லை; ஆதலால் நோயைக் கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆயின. எச்.ஐ.வி. உள்ளவர்க்குக் காசநோய் வரும்போது சளிச்சோதனை இவ்வாறு ஏமாற்றுவது உண்டு. அப்போதுதான் ஒரு மருத்துவர் குருதியைச் சோதிக்கச் சொன்னார்.

ஐந்தாம் சீட்டு 2002. பொறுக்க முடியாத தலைவலி, வாந்தி, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிதல். முதுகுத்தண்டு நீரில் கிரிப்டோகாக்கஸ் என்னும் காளான். மண்ணிலும் புறாவின் எச்சத்திலும் வாழும் இக்காளானை நாம் எல்லோரும் மூச்சுடன் உள்ளிழுக்கிறோம். நம்மை அது ஒன்றும் செய்வதில்லை. மாமாவின் மூளையுறையை அது பற்றிக்கொண்டது. அன்று அவருடைய சி.டி.4 எண்ணிக்கை 22.

அதன் பிறகு சீட்டு இல்லை.

ஐந்து ஆண்டுகளில் ஐந்து நோய்கள், ஐந்து மருத்துவர்கள். ஒவ்வொருவரும் தத்தம் கண்முன் இருந்த நோய்க்கு முறையாகவே மருந்து எழுதினர். ஆனால் ஐந்து நோய்களுக்கும் காரணம் ஒன்றே. முதற்சீட்டு எழுதப்பெற்ற நாளில் ஒரு துளிக் குருதியைச் சோதித்திருந்தால் அது தெரிந்திருக்கும். இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது. எச்.ஐ.வி. பெரும்பாலும் தன் கையால் கொல்வதில்லை. அது வாயிலைத் திறந்துவிட்டு நிற்கிறது, கொல்பவை வேறு. நாமோ உள்ளே வந்தவற்றை ஒவ்வொன்றாக விரட்டிக்கொண்டிருக்கிறோம். திறந்து கிடக்கும் வாயிலைப் பார்ப்பதில்லை.

மாமாவின் பெட்டியில் இல்லாத வேறு சிக்கல்களும் உண்டு. சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸ் என்னும் காளான் நுரையீரலைத் தாக்கும். 100க்குக் கீழே போனால் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி மூளையில் கட்டிகளை ஆக்கும். 50க்குக் கீழே போனால் மற்றொரு வைரஸ் விழித்திரையைத் தாக்கிப் பார்வையைப் பறிக்கும். நிணநீர்க் கணுக்களிலும் தோலிலும் சில வகைப் புற்றுநோய்கள் தோன்றும். பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகும். கிருமியே நேராகச் செய்யும் கேடுகளும் உள்ளன. மூளையில் புகுந்து நினைவையும் சிந்தனையையும் மந்தமாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஓயாத அழற்சியால் இதயக் குழல்களைத் தடிக்கச் செய்யும்.

காசநோய் என்னும் கூட்டாளி

இந்நோய்களுள் நம் நாட்டில் முதலிடம் பெறுவது காசநோய். உலகம் முழுவதிலும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் இறப்புக்கு முதற்காரணமாக இருப்பதும் அதுவே. காசநோய்க் கிருமி நம்முள் பலருடைய நுரையீரலில் உறங்கிக் கிடக்கிறது. அத்தகையவர்களுள் 100க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் அது நோயாக வெளிப்படும். எச்.ஐ.வி.யும் சேர்ந்து, மருந்தும் இல்லையானால், ஒரே ஆண்டில் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு வெளிப்படும். வாழ்நாளில் நேரக்கூடியது ஓராண்டில் நேர்கிறது. காசநோய்க்கு மட்டும் சி.டி.4 எண்ணிக்கை மிகவும் தாழ வேண்டும் என்பதில்லை. எந்த நிலையிலும் அது வரலாம்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்தின் பெயரை நண்பர்கள் அறிவார்கள். அங்குள்ள மருத்துவமனை, மருத்துவர் சவுரி முத்து என்பவர் 1928இல் காசநோயாளர்க்காகத் தொடங்கியது. 1990களில் காசநோய் என்று அங்கே வந்தவர்கள் பலருடைய குருதியில் எச்.ஐ.வி. இருக்கக் கண்டனர். நாளடைவில் நாட்டிலேயே எயிட்ஸ் நோயாளர் மிகுதியாக வந்து சேரும் மருத்துவமனைகளுள் ஒன்றாக அது ஆயிற்று. காசநோய் இல்லமே எயிட்ஸ் இல்லமாக மாறிய இவ்வரலாறு, மேலே நான் கூறிய உடலியல் உண்மையைக் கட்டடத்தில் எழுதிக் காட்டியது போல் உள்ளது.

சென்னையும் வேலூரும்

இந்நோய் உலகிற்கு முதலில் தெரியவந்தது 1981 ஜூன் திங்களில். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இளைஞர் ஐவர்க்கு நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் நோய் வந்ததாக அமெரிக்க அரசின் வார அறிக்கை ஒன்று தெரிவித்தது. 1983இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் பிரான்சுவா பாரே சினூசியும் லுக் மொந்தானியேயும் கிருமியைப் பிரித்தெடுத்தனர். 2008இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர்.

இந்தியாவிற்கு இது வாராது என்றே அந்நாளில் பலரும் எண்ணினர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பணியாற்றிய மருத்துவர் சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இதனை ஆய்வுப் பொருளாகத் தந்தார். பாலியல் தொழிலில் அகப்பட்ட பெண்களிடமிருந்து நிர்மலா குருதி திரட்டினார். அதைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் இருந்தது. குருதிக் குழல்களை எடுத்துக்கொண்டு 1986ஆம் ஆண்டு நிர்மலா காட்பாடிக்கு இரயிலேறினார். விடுமுறைக்குச் சித்தூர் வழியாக ஊர் செல்லும் நம்மில் பலர் இறங்கி வண்டி மாறும் அதே காட்பாடிதான். சோதனையில் சிலருடைய குருதி கிருமி உண்டு என்று காட்டியது. அமெரிக்காவில் மீண்டும் சோதித்து உறுதி செய்தனர். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று இவ்வாறுதான் நாடு அறிந்தது. இதை வெளிக்கொணர்ந்தவர் ஒரு மாணவி என்பதை நாம் மறத்தல் ஆகாது. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் நிலையத்தைத் தொடங்கி, 2015இல் மறையும் வரை இப்பணியிலேயே இருந்தார்.

மருந்து செய்வது என்ன?

1996இல் மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. ஒரு மருந்தைக் கொடுத்தால், பிழைபட எழுதப்பட்ட கிருமிகளுள் ஒன்று அதற்குத் தப்பிவிடும். மூன்றுக்கும் ஒரே வேளையில் தப்புவது அரிது. அம்மருந்துகளின் விலையோ நம்மவர்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2001இல் இந்திய நிறுவனமாகிய சிப்லா, நாள் ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள் தொட்டு இந்திய அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது. மாமா இறந்தது 2002இல். இரண்டு ஆண்டுகள்!

அத்தையின் முதற் சீட்டும் அந்த 2002ஆம் ஆண்டினதே. மாமா இறந்த பதினாறாம் நாள் கழித்து அவருக்குச் சோதனை செய்தனர். கிருமி இருந்தது. சி.டி.4 எண்ணிக்கை 340. நோய் மாமாவுக்கு எவ்வாறு வந்தது என்று அத்தை ஒருநாளும் கேட்டதில்லையாம். "கஞ்சி கேட்டுக் கிடப்பவரிடம் கணக்கா கேட்பது?" என்றார் என்னிடம். 2006இல் எண்ணிக்கை 170 ஆக இறங்கியது. அந்நாளில் 200க்குக் கீழே போனவர்க்கே பெரும்பாலும் மருந்து கொடுத்தனர். அத்தைக்கும் கொடுத்தனர். அக்கால மருந்துகளுள் ஸ்டாவுடின் என்பது ஒன்று. அதனால் அத்தையின் பாதங்கள் இரவெல்லாம் எரிந்தன, கன்னங்கள் ஒட்டின. ஆயினும் நிறுத்தவில்லை. பின்னாளில் அம்மருந்தை அரசே கைவிட்டது. இன்று அத்தை உண்பது நாளுக்கு ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அதில் அடக்கம். முன்னைய இரண்டும், தலைகீழாக எழுதும் நொதியைத் தடுக்கின்றன. மூன்றாவது, தைக்கும் நொதியைத் தடுக்கிறது. சென்ற சோதனையில் அத்தையின் சி.டி.4 எண்ணிக்கை 610. குருதியில் கிருமி, கருவிக்குத் தென்படும் அளவில் இல்லை.

தென்படவில்லை என்பதால் ஒழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. மரபிழையில் தைக்கப்பட்ட கிருமி, சில அணுக்களில் உறங்குகிறது. மருந்தை நிறுத்தினால் சில வாரங்களில் மீண்டும் எழும். ஆதலின் இம்மருந்து வாழ்நாள் மருந்து. அதேபோல, அழற்சி முற்றும் அடங்குவதில்லை; இதயம், சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றை அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். காவல் சிதைந்த பின்னர் மருந்து தொடங்கினால் மற்றோர் இடரும் உண்டு. திடீரென வலிமை பெற்ற படை, உள்ளே ஒளிந்திருந்த காசநோய் முதலியவற்றின் மேல் பாய்ந்து, அப்போரினாலேயே உடலை வருத்தும். காலத்தில் தொடங்கியவர்க்கு இவ்விடர் குறைவு. அதனால்தான் 2017 முதல், எண்ணிக்கை எதுவாயினும், கிருமி உள்ளவர் அனைவருக்கும் உடனே மருந்து தருகின்றனர்.

இன்னும் ஒன்று. குருதியில் கிருமி தென்படாத நிலையைத் தொடர்ந்து காத்து வருபவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட அது மற்றவர்க்குப் பரவுவதில்லை என்று ஆராய்ச்சிகள் ஐயமற நிறுவியுள்ளன. கருவுற்ற தாய் மருந்துண்டால், சேய்க்குச் செல்லும் வாய்ப்பும் 100க்கு 5க்குக் கீழே இறங்கிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இக்கிருமியுடன் வாழ்கின்றனர். இந்நோய் மிகுந்த மாநிலங்களுள் ஆந்திரமும் ஒன்று. இது நமக்கு அயலார் செய்தி அன்று.

உடலுறவில் ஆணுறை காக்கும். ஊசி எப்போதும் புதியதாக இருத்தல் வேண்டும். ஐயம் எழுந்தால் அரசு மருத்துவமனைகளில் உள்ள சோதனை மையத்திற்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் அதனை நம்பிக்கை மையம் என்பர். சோதனைக்குக் கட்டணம் இல்லை. முடிவை உங்களைத் தவிர வேறெவர்க்கும் சொல்வதில்லை. கிருமி புகுந்த முதற் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமற் போகலாம். ஆதலின் மூன்று திங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை சோதிப்பது நன்று. ஆபத்து நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் சென்று, 28 நாள் மருந்துண்டு தடுக்கவும் வழி உண்டு. 1097 என்னும் எண்ணில் கட்டணமின்றி ஐயம் கேட்கலாம்.

இறுதியாகச் சட்டத்தையும் அறிந்துகொள்க. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எயிட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. இக்கிருமி உள்ளவரை வேலையிலிருந்தோ, பள்ளியிலிருந்தோ, மருத்துவமனையிலிருந்தோ, வாடகை வீட்டிலிருந்தோ அதன் பொருட்டு விலக்குவதை அச்சட்டம் தடை செய்கிறது.

சட்டம் தொடாத இடம் ஒன்று உண்டு. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, பஞ்சமி தீர்த்தத்திற்காக அத்தை வீட்டிற்கு எங்களை அழைத்து வந்தார்கள். என் தாய் பையில் எனக்கென ஒரு குவளை கொண்டு வந்திருந்தார். "இதில் மட்டும் குடி" என்று என் காதில் சொன்னார். அத்தை குடத்திலிருந்து நீர் மொண்டு வந்தபோது நான் அந்தக் குவளையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நீரை ஊற்றினார். தாயின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு எடுத்துச் சொல்வாரும் இல்லை. ஆனால் தேநீர்க் கடையின் வாயிலில் நின்ற எனக்கு அந்தச் சாக்கு இல்லை. மக்கள் முகம் திருப்பிக்கொள்வார்களே என்று அஞ்சியே பலர் சோதனைக்குப் போவதில்லை. போகாத ஒவ்வோர் ஆண்டும் உள்ளே சி.டி.4 எண்ணிக்கை இறங்குகிறது. நாம் திருப்பிய முகமும் அந்தத் திறந்த வாயிலில் ஒரு கதவுதான்.

மறுநாள் மாலை நான் அக்கடைக்குத் தனியே சென்றேன். அந்தப் பெரியவர் குவளை ஒன்றைக் கழுவி எடுத்துக் கொடுத்தார். அவருக்கு நோய் உண்டா என்று நான் கேட்கவில்லை; கேட்கும் உரிமை எனக்கு இல்லை. தேநீர் நன்றாகவே இருந்தது. அன்று என்னுடன் திரும்பி நடந்த நண்பர்கள் ஐவர்க்கும் இவ்விதழ் கிடைக்கும். நாளை மாலை ஐந்து மணிக்கு நான் அங்கேதான் இருப்பேன்.